ஆயில் பார்க்கச் சமதளம் தேடியவன்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர்கள், பாவம், கையை அழுக்காக்கிக்கொண்டார்கள். நாகரிகத்தின் உச்சம் அதுவல்ல. பானெட்டைத் திறக்காமல், சீட்டில் சாய்ந்தபடி, டாஷ்போர்டிலேயே எஞ்சின் ஆயிலின் அளவை அறிவதே உச்சம். மாட்டுங்காவில் அந்த உச்சத்தை எட்டிய முதல் குடிமகன் கேஷவ்.

அன்று அவன் மனைவி ஷ்யாமளாவுக்குப் பூனாவில் ஒரு கல்லூரியில் நேர்முகத் தேர்வு, பன்னிரண்டு மணிக்கு. இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டுக் கிடைத்த அழைப்பு. காலை ஏழுக்கே காரில் ஏறிவிட்டார்கள். ஏறியதும் கேஷவ் ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானைப் பக்தியோடு அழுத்தினான். திரை ஆணையிட்டது: ‘வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் காத்திருக்கவும்.’

பம்பாயில் சமதளம்!

குடியிருப்பு வளாகம் சாக்கடைப் பக்கம் சரிந்திருந்தது. ‘அளக்க இயலவில்லை.’ கிங்ஸ் சர்க்கிள் பாலத்தடியில் ஒரு சக்கரம் மேட்டிலும் மூன்று பள்ளத்திலும் நின்றன. ‘அளக்க இயலவில்லை.’ கடைசியில், பூனாவுக்கு நேர் எதிர்த் திசையில், தாராவி மெக்கானிக் சுடலைக்கண்ணன் ரசமட்டம் வைத்துப் போட்ட சிமெண்டுத் தரையில் கார் எழுந்தருளியது. மணி எட்டேகால்.

“பானெட்ட தொறங்க சார். ஆயில் அளக்குற கம்பிய உருவிப் பாத்தா ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சிரும்லா?” என்றான் சுடலைக்கண்ணன்.

“அதெல்லாம் அந்தக் காலம். இது சென்சார்.”

“சரி, அது பாக்கட்டும். அதுக்குள்ள நான் மூணு வண்டி பாத்திருதேன்.”

“கேஷவ், நாழியாறது,” என்றாள் ஷ்யாமளா. “போன வாரம்தானே சர்வீஸ் பண்ணினோம்?”

“போன வாரத்து ஆயில் இந்த வாரமும் இருக்கும்னு என்ன கேரண்டி?”

“அப்ப நான் டாக்ஸில போறேன்.”

“ஸ்ஸ்... அசையாதே. வண்டி ஆடினா மறுபடி முதல்லேருந்து அஞ்சு நிமிஷம்.”

வண்டி ஆடியது. கேஷவ் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், ஒரு விஞ்ஞானிக்குரிய பொறுமையோடு, மறுபடி பொத்தானை அழுத்தினான்.

ஐந்து நிமிடம் கழித்துத் திரை திருவாய் மலர்ந்தது: ‘எஞ்சின் ஆயில் போதுமானது. பயணம் இனிதாகுக.’

“பாத்தியா! சலோ, கிளம்பலாம்!”

பக்கத்து சீட் காலி. பதறிப்போய் போன் போட்டான்.

“தாதர் போயிண்டிருக்கேன். அங்கேருந்து பூனாவுக்கு ஷேர் டாக்ஸி,” என்றாள்.

“எப்ப இறங்கினே? எனக்குத் தெரியவே இல்லையே!”

“நான் சொன்னேன், நீ கேக்கலை. அது வழக்கம்தான். கதவு திறந்திருக்குன்னு உன் டாஷ்போர்டு சொல்லியிருக்குமே, அதையுமா கேக்கலை?”