சேலையூர் மொட்டைமாடியிலிருந்து ஒரு நேரலை

எனக்கு மேடை என்றாலே நடுக்கம். அலுவலக வழியனுப்பு விழாவில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் மூன்றாவது வார்த்தையில் தண்ணீர் கேட்பேன். அப்படிப்பட்ட நானும் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, தங்குதடையில்லாமல், பல ஊர்க்காரர்கள் கேட்கப் பேசியிருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே வானொலியில் ஊர் ஊராகப் பேசுகிறவர்களை ஹாம் என்பார்கள். தாம்பரம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஹாம் சங்கம் உண்டு. அதன் வெள்ளி விழாவுக்காகச் சிறப்பு அழைப்புக்குறி, அதாவது வானொலியில் சொல்லிக்கொள்ளும் பெயர், வாங்கியிருந்தோம். அந்தப் பெயரில் யார் கூப்பிட்டாலும் பேசலாம். முதல் பேச்சு மட்டும் மதுரைக்கு. சங்கத்தை ஆரம்பித்த பெரியவர் அங்கே மகள் வீட்டில் இருந்தார். விழா அன்று காலைதான் இதய ஆபரேஷனுக்காக அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கவிருந்தார்கள். 'நம்ம சங்கத்துக் குரலைக் கேட்டுட்டுத்தான் கார்ல ஏறுவேன்' என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார்.

எங்கள் அடுக்ககத்து மொட்டைமாடியில் வானொலியை வைத்திருந்தோம். சங்கத் தலைவர் ரங்கநாதன் சார், பெரியவருக்காக எழுதிய வாழ்த்துக் கவிதையோடு வண்டலூரிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். (காரிலும் வானொலி வைத்திருக்கிறார். இதை நான் மறந்திருக்கக் கூடாது.) அவர் வரும்வரை மைக் என் பொறுப்பு. துணைக்குச் சேவியர், பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர்.

மைக்கில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால்தான் மற்றவர் குரல் கேட்கும். அழுத்தியே வைத்திருந்தால் அந்த அலைவரிசையே அடைபட்டுப்போகும். பரீட்சையில் இதற்கு நான் சரியான பதில் எழுதியவள்.

காற்றில், டிபனுக்கு வைத்திருந்த பேப்பர் தட்டுகள் பறந்தன. தட்டுகளின் மேல் மைக்கை வைத்தேன். அதுவும் போதாமல் மைக்கின் மேல் சாம்பார்த் தூக்கை வைத்தேன். தூக்கு அந்தப் பொத்தான்மேல் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. வெயிலில் வானொலியின் சிவப்பு விளக்கு எரிவதும் கண்ணில் படவில்லை.

"என்னக்கா, சத்தமே இல்ல?" என்றார் சேவியர்.

"இப்பதான் கொரகொரன்னு இருந்துச்சு."

"ஆன்டெனா ஒயர் புட்டுக்கிச்சு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினார். ஒயர் நன்றாகவே இருந்தது. பிரித்து மறுபடி கட்டினார். மதுரையில் அந்த மனிதர் காத்திருப்பார்.

"அக்கா, தலைவர் போன் பண்றாரு. எடுக்கட்டுமா?"

"எடுக்காதீங்க. ரேடியோ போச்சுன்னு தெரிஞ்சா கொன்னுடுவாரு."

மறுபடி அடித்தது. மறுபடியும் எடுக்கவில்லை. பதற்றம் வந்தால் சிலருக்குப் பேச்சு நின்றுவிடும். எனக்கு அப்போதுதான் மடை திறக்கும்.

"கவிதை வேற கொண்டுவர்றாரு. போன தடவை பல்லாவரத்துல ரயில் ஏறினதும் ஒண்ணு படிக்க ஆரம்பிச்சாரு. தாம்பரத்துல நான் இறங்குறேன், இன்னும் கடவுள் வாழ்த்தே முடியல."

தொட்டி மேலிருந்து சேவியர் சிரித்தார். அது எனக்கு ஊக்கமாகிவிட்டது.

"ஆண்டு விழாவுல இவர் கவிதை படிச்சப்போ மதுரைப் பெரியவர் காது மிஷினைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டாரு. நான் பார்த்தேன்."

லிஃப்ட் கதவு திறந்தது. ரங்கநாதன் சார் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேரே மேஜைக்குப் போய், இரண்டு விரலால் சாம்பார்த் தூக்கைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

வானொலி வெடித்தது. சேலத்திலிருந்து, கோவையிலிருந்து, ஒரே நேரத்தில் ஏழெட்டுக் குரல்கள்: "மைக்கை விடுங்க, மைக்கை விடுங்க."

சார் என்னைப் பார்க்கவே இல்லை. மைக்கை எடுத்து மதுரையைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். மற்றவர்களும் அடங்கி வழிவிட்டார்கள். பெரியவர் கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். இனி அவர் குரலைக் கேட்பேனா என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

அப்புறம் இருமலோடு மெல்லிய குரல் வந்தது.

"இருக்கேன்ப்பா. சிரிச்சுச் சிரிச்சுப் புரை ஏறிடுச்சு. நெஞ்சு பத்திரம்னு என் பொண்ணு திட்டுறா. ரங்கா, அந்தம்மா சொன்னது நிஜம்தான். கழட்டித்தான் வச்சேன்."

சார் பொத்தானை அழுத்தினார். அப்படியே விட்டுவிட்டார். கவிதை பையிலேயே இருந்தது.

"கவிதையை வச்சிரு. நான் நல்லபடியா திரும்பி வந்து கேக்குறேன். மிஷினைப் போட்டுக்கிட்டே கேக்குறேன்" என்றார் பெரியவர்.

திரும்பி வந்தார். கேட்கவும் செய்தார். கவிதை முடியும்வரை மைக்கை அழுத்திப் பிடிக்கும் வேலையைச் சார் எனக்குக் கொடுத்தார். மறுநாள் கட்டைவிரலுக்குத் தைலம் தடவவேண்டியிருந்தது.

வீட்டில் நான் யாரைப் பற்றியாவது குரலை உயர்த்தினால் போதும், என் மகள் "அம்மா, மதுரைக்குக் கேக்குது" என்பாள். பம்மலில் இருக்கும் என் நாத்தனாருக்கும் இது தொற்றிக்கொண்டது. தன் வீட்டில் யார் சத்தமாகப் பேசினாலும் இதையே சொல்கிறாளாம். எங்கிருந்து வந்தது என்று போன வாரம் என்னிடமே கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். அன்று தொட்டி மேலிருந்த சேவியரிடம் அவளைப் பற்றியும் கொஞ்சம் பேசியிருந்தேன்.