வான்ட்டும் வான்டெட்டும்

ஆங்கிலத்தில் இறந்தகாலத்துக்கு ஒரு 'எட்'டைக் கண்டுபிடித்து, எழுதுவது ஒரு விதம், சொல்வது மூன்று விதம் என்று வைத்தவன் யாரோ, அவனை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ஓப்பநாயக்கவுக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம்) நான் உதவிக்கு இருந்தேன். நிரந்தர வேலை இல்லை. ஆனால் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலம் பாஸ் பண்ணியவள் நான் ஒருத்திதான் என்பதால் திமிருக்குக் குறைவில்லை.

அந்தச் சமயம் ஏதோ ஒரு வெளிநாட்டு அமைப்பு எங்கள் லயத்துக்கு நாலு கக்கூஸ் கட்டிக் கொடுத்தது. திறந்து வைக்க வெள்ளைக்காரர்களே வருகிறார்களாம். தோட்டத்து ஆட்களின் நலன்களைக் கவனிக்கும் வெல்பெயார் ஐயா என்னைக் கூப்பிட்டார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார்; ஆனால் தங்கச்சி என்பதற்கு மட்டும் 'நங்கி'தான்.

"புஷ்பம் நங்கி, நீங்கதான் இங்கிலீசில நன்றி சொல்லணும். நல்லா பேசினா, வேலைய பர்மனன்ட் பண்ணச் சொல்லி தொரைகிட்ட நானே சொல்றேன்."

கொழும்பில் ஹோட்டல் வேலை பார்த்த என் சித்தப்பா மகன் ரவி அப்போது பார்த்து லீவில் வந்திருந்தான். நான் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ அக்கா, மானத்த வாங்காதீங்க! வாக்கெட், வாஷெட்னு சொன்னா வெள்ளக்காரன் சிரிப்பான். அந்த 'எட்'ட முழுங்கிரணும். வாக்ட். வாஷ்ட்."

"அப்ப வான்டெட்?"

கொஞ்சம் யோசித்தான். "வான்ட்...ட். கடைசி 'ட்' ரொம்ப மெதுவா."

"எவ்வளவு மெதுவா?"

"கேக்கவே கூடாது."

(கேட்கவே கூடாதாம்! ஹோட்டலில் அவன் வெள்ளைக்காரர்களிடம் பேசிய ஆங்கிலம் மொத்தமே 'யெஸ் சேர்' தான் என்பது பிறகுதான் தெரிந்தது.)

விழா நாளில் ரிப்பன் வெட்டினார்கள், கதவுகளைத் திறந்தார்கள். லயமே கூடி நின்றது. நான் முன்னால் போய்க் கணீரென்று ஆரம்பித்தேன். எங்களுக்குக் கக்கூஸ் வேண்டியிருந்தது, தேவைப்பட்டது, பல வருஷம் காத்திருந்தோம் என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. மூன்று 'எட்'டையும் சத்தமே வராமல் முழுங்கினேன்.

"வி வான்ட் டாய்லட்ஸ். வி நீட் டாய்லட்ஸ். வி வெயிட் மெனி இயர்ஸ்."

அதாவது, கக்கூஸ் வேணும், கட்டாயம் தேவை, காத்துக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்தார். பெயின்ட் காயாத நாலு கதவுகளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"மோர் டாய்லட்ஸ்?"

பாராட்டுகிறார் என்று நினைத்துவிட்டேன். "யெஸ், யெஸ்! வி வான்ட்!" என்றேன், இன்னும் சத்தமாக.

"மொனவத நங்கி மே கியன்னே?" என்ன சொல்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்; பதற்றத்தில் வெல்பெயார் ஐயாவுக்குத் தமிழே மறந்துவிட்டது. பிறகு பல்லைக் கடித்தபடி, "கட்டிக் குடுத்தாச்சே! இன்னும் என்ன கேக்கிறீங்க?" என்றார். பெரிய தொரையின் முகம் பழுத்த கொச்சிக்காய் மிளகாய் மாதிரிச் சிவந்துவிட்டது. ஒரு வார்த்தையும் புரியாத என் அம்மா மட்டும் விடாமல் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

நிரந்தர வேலை பக்கத்து டிவிஷன் பெண்ணுக்குப் போனது. இங்கிலீஷ் தெரியாத பெண். அதுதான் தகுதி என்று நினைக்கிறேன்.

சில மாதம் கழித்து சிமெந்து மூட்டைகளோடு ஒரு லொறி ஏறி வந்தது. பழைய நாலுக்குப் பக்கத்திலேயே புதிதாக நாலு கக்கூஸ் எழும்பின. அவற்றுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, தானாகவே வந்துவிட்டது. விடிந்தால் போதும், வாளியோடு யாராவது கத்துவார்கள்: "புஷ்பம் கக்கூஸ்ல ஆள் இருக்கா?"

பலாங்கொடையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர் கை கழுவ இடம் கேட்டபோது, என் அம்மாவே வாய் தவறி, "அந்தா, புஷ்பம் கக்கூஸ் பக்கத்துல பைப் இருக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டாள். அவர் ஏன் அந்தப் பெயர் என்று கேட்டார். லயமே சேர்ந்து விளக்கியது.

அப்படியும் அவர் என்னைக் கட்டிக்கொண்டார். இன்றைக்கும் கடையில் நான் ஒரு புடவையைத் தொட்டுவிட்டால் போதும், கடைக்காரரை வைத்துக்கொண்டே என் வீட்டுக்காரர் கேட்கிறார்:

"இது வான்டா, வான்டெட்டா?"