ஜனவரி பதினேழின் பொற்காலம்

உலகில் குடும்பத் தலைவர்கள் இரண்டே வகை. பேக்கப் எடுப்பவர்கள், பின்னால் அழப் போகிறவர்கள். மூன்றாவது மாடி நகல்நாதர் முதல் வகை. அந்த வகைக்கே தலைவர் என்றாலும் தகும்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. வீட்டு வரவுசெலவை ஒரு பட்ஜெட் மென்பொருளில் ஏற்றி, அந்த ஃபைலைத் தினம் நகல் எடுத்து வந்ததால் அக்கம்பக்கம் அளித்த பட்டம் இது. ஹார்ட் டிஸ்க் பத்தொன்பது. தீப்பிடிக்காத இரும்புப் பெட்டி ஒன்று. இணையத்தில் மாத வாடகைக்கு மூன்று இடம். தீ வந்தால் பெட்டி நகல், திருடன் வந்தால் இணைய நகல், மச்சினன் வந்தால் பீரோ நகல்.

அத்தனையிலும் 'மகள் படிப்பு' என்ற தலைப்பின் கீழ் இரண்டு லட்சம் பத்திரமாக இருந்தது.

பேக்கப் எடுப்பது பாதி ஞானம். அதைத் திரும்ப ஏற்றுவதுதான் மீதி. மாதக் கடைசியில் திரையில் சிவப்பு எழுத்து வரும். சாமானியன் செலவைக் குறைப்பான். நகல்நாதரோ ஜனவரி பதினேழாம் தேதி நகலை எடுத்து ஏற்றுவார். அதற்குப் பிந்தைய செலவெல்லாம் மாயம்! கணக்கு பச்சைப்பசேலென்று சிரிக்கும். எட்டு மாதமாக இந்த 'நிர்வாக நடவடிக்கை' தடையின்றி நடந்தது.

மகளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் தவணை நாற்பதாயிரம். மாலை ஐந்துக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. போனில் கட்டிப் பார்த்தாள், பணம் போகவில்லை. அப்பா, அம்மா, மகள் மூவரும் வங்கிக்கு ஓடினார்கள்.

"சார், உங்க கணக்குல மூவாயிரத்து நூத்திப் பன்னெண்டுதான் இருக்கு" என்றார் கவுன்டர் அம்மாள்.

நகல்நாதர் பரிவோடு புன்னகைத்தார். "ரெண்டு லட்சம் இருக்கணும்மா. என் டேட்டா பக்கா. உங்க டேட்டாதான் கெட்டுப் போச்சு."

"எட்டு மாசமா எடுத்துட்டே இருக்கீங்களே சார்?"

"எடுத்தேன். அதையெல்லாம்தான் அழிச்சிட்டேனே!"

அம்மாள் மனைவியைப் பார்த்தார். மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

"பதறாதீங்க. ஜனவரி பதினேழு பேக்கப்பை ஏத்துங்க. நான் வெயிட் பண்றேன்."

"அப்படி ஏத்தினா, உங்க பின்னாடி நிக்கிறவரோட சம்பளமும் போயிடும் சார்."

"யோவ்!" என்றார் பின்னால் நின்றவர். "உன் பொண்ணு படிக்க என் சம்பளமா?"

கணக்கு அறிக்கையை அச்சடித்துக் கொடுத்தார்கள். மனைவி உரக்க வாசித்தாள். "ஹார்ட் டிஸ்க். ஹார்ட் டிஸ்க். இணைய வாடகை. மறுபடியும் ஹார்ட் டிஸ்க். இரும்புப் பெட்டி இருபத்தெட்டாயிரம். இதென்ன, 'தகவல் பாதுகாப்புப் பயிலரங்கம், மூணு நாள்'?"

"சாப்பாட்டோட" என்று சுட்டிக்காட்டினார் நகல்நாதர். "அது மட்டும் போகலைன்னா நம்ம டேட்டா என்னிக்கோ போயிருக்கும்."

"இப்ப பணம் போயிருக்கேங்க!"

"பணம் போனா சம்பாதிச்சுக்கலாம்டி. டேட்டா போனா?"

"பொண்ணு படிப்புக்குப் பணம் இருக்குன்னு எழுதி வச்ச ஃபைலைக் காப்பாத்த, அந்தப் பணத்தையே செலவழிச்சிருக்கீங்க!"

இதில் தவறு எங்கே இருக்கிறது என்று அவர் நேர்மையாகவே யோசித்தார். அகப்படவில்லை.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே முக்கால். "அப்பா, வீட்டுக்கு வாங்க. அந்தப் பெட்டியைத் தூக்கணும்."

மூன்றரைக்குப் பழைய கம்ப்யூட்டர் சாமான் வாங்கும் கடையில் நின்றார்கள். பெட்டியைச் சுமந்து வந்தவர் நகல்நாதர். இறக்கி வைக்க மனம் வராமல் மார்போடு அணைத்திருந்தார். மகள்தான் விரல் விரலாகப் பிரித்தாள். கடைக்காரர் முப்பதாயிரத்தில் ஆரம்பித்தார். மகள் அசையவில்லை. பெட்டியும் டிஸ்குகளுமாக நாற்பத்தோராயிரத்துக்குப் படிந்தது.

கடைக்காரர் பணத்தைக் கணக்கில் போட்டதும், அங்கேயே நின்று போனில் கட்டணத்தைக் கட்டினாள். ரசீது வந்தது. நகல்நாதர் அதை ஆசையோடு பார்த்து, "இதுக்கு ஒரு காப்பி..." என்று தொடங்கினார். மனைவி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கடைக்காரர் முதல் டிஸ்கைக் கம்ப்யூட்டரில் சொருகினார். "துடைக்கிறதுக்கு முன்னாடி கேட்டுக்கறேன் பாப்பா, உள்ள முக்கியமானது ஏதாவது இருக்கா?"

"எங்கப்பா என் படிப்புக்குச் சேத்து வச்ச ரெண்டு லட்சம் இருக்கு அண்ணே" என்றாள் மகள். "எல்லா டிஸ்க்லயும் இருக்கும். அழிச்சிடுங்க."