இரும்புக் கிண்ணத்தில் பேசிய பெரிய மாமா

குமாசி
ஞாயிறு மதியம்

சபையில் நம் குடும்பத்துக்காகப் பேசும் வாயாக இருக்கும் தம்பி யாவ் அடார்குவாவுக்கு, குடும்பத் தலைவன் கோஃபி இன்டிம் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனதைப் பற்றிக் கேட்காதே. உன் பல்வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் எழுந்து வா. நேற்று ஒரு நாள் நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டதால் நம் அஃப்ரகோமாவின் கல்யாணம் அந்தரத்தில் நிற்கிறது.

வருகிற சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் நம் கதவைத் தட்டிப் பெண் கேட்க வருவதாக ஏற்பாடு. அதற்குமுன் இரண்டு குடும்பமும் தான் வேலை பார்க்கும் அறிவியல் பூங்காவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று என் தங்கை பெற்ற மகராசி அஃப்ரகோமா பிடிவாதம் பிடித்தாள். "மாமா, அங்க எல்லாத்தையும் தொட்டுப் பாக்கலாம்" என்றாள். பிறந்ததிலிருந்து நான் எல்லாவற்றையும் தொட்டுத்தான் பார்த்திருக்கிறேன், ஒருவரும் டிக்கெட் கேட்டதில்லை. சனிக்கிழமை என்றால் மானமுள்ளவர்கள் சிவப்புத் துணி போர்த்திக்கொண்டு சாவு வீட்டுக்குப் போகும் நாள். நானோ நேற்று மூக்கொழுகும் பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன். உள்ளே ஒரு சைக்கிள். மிதித்தால் பல்பு எரியும், நகராது. நகராத சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுக்காமல் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். "கரண்டு இப்படித்தான் மாமா வருது" என்றாள். அப்படியானால் நம் தெருவுக்கு மிதிக்கிறவன் தினமும் தூங்குகிறான் என்று அர்த்தம். அடுத்து, கயிற்றை இழுத்துத் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்ளும் நாற்காலி. குடும்பத் தலைவன் என்றால் நாலு பேர் தூக்க வேண்டும். தானே தூக்கிக்கொள்வதற்கு நான் மறுத்துவிட்டேன். மாப்பிள்ளையின் மாமா அம்போன்சா, அவரும் ஒரு குடும்பத் தலைவர்தான், சிரித்துக்கொண்டே ஏறினார். பாதி உயரத்தில் கை ஓய்ந்து வாழைத்தார் போலத் தொங்கினார். மாப்பிள்ளைப் பையன் யெபோவாதான் இறக்கினான். பிறகு ஆளை ஒல்லியாகக் காட்டும் கண்ணாடி ஒன்று. அதன் முன்னால் அம்போன்சா வெகுநேரம் நின்றார்.

புல்வெளியின் இரண்டு கோடியிலும் ஆளைவிடப் பெரிய இரும்புக் கிண்ணங்கள் இரண்டு எதிரெதிரே நிறுத்தப்பட்டிருந்தன. அஃப்ரகோமா விளக்க வாயெடுத்தாள். "சட்டி வித்தே சம்பாதிச்சவன்மா நான். எனக்கே கிண்ணத்தை விளக்குறியா?" என்று அனுப்பிவிட்டேன். ஒரு கிண்ணத்தின் முன் முணுமுணுத்தால் அது மறு கோடிக் கிண்ணத்தில் காதோடு காதாகக் கேட்கும் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அப்போது யார் சொன்னார்கள்? கால் வலித்தது. கிண்ணத்துக்கு முன்னால் ஒரு பலகை கிடந்தது. உட்கார்ந்தேன். உன் அண்ணியும் உட்கார்ந்தாள்.

"அம்போன்சாவைப் பாத்தியா? தொங்குறதுக்குன்னே பொறந்தவர். அந்தத் துணி அவரோடதா இருக்காது, எவன்கிட்டயோ இரவல்" என்றேன்.

"மெதுவாப் பேசுங்க, காதுல விழப்போவுது."

"எப்படி விழும்? அவரு அந்தக் கோடியில உக்காந்திருக்காரு."

அப்போது என் காதருகே ஒரு குரல், "டேய் கோஃபி" என்றது. இந்த ஊரில் என்னை டேய் போட்டுக் கூப்பிட ஆள் கிடையாது. கூப்பிட்டவர் ஒருவர்தான், எனக்கு முன் தலைவராக இருந்து இறந்துபோன நம் பெரிய மாமா. அதே கரகரப்பு. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? தோளிலிருந்து துணியை இறக்கினேன். செருப்பைக் கழற்றினேன். கையிலிருந்த மால்ட் பானத்தை முன்னோருக்கென்று புல்லில் ஊற்றிக் கும்பிட்டேன். பள்ளிப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கூடட்டும்.

"மாமா, நீங்களா?"

"நான்தான்டா. யாரைத் திட்டிக்கிட்டிருக்க?"

"அம்போன்சாவைத்தான் மாமா."

"நிறுத்தாத. திட்டு."

இறந்தவர்களிடம் மறைக்கக் கூடாது. எனவே முழுவதையும் சொன்னேன். அவர் வயிறு, அவர் நடை, ஃபுஃபு சாப்பிடும்போது போடும் சத்தம், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் கிண்ணம் சிரித்தது. பெரிய மாமா உயிரோடு இருந்தவரை சிரித்ததே இல்லை. திரும்பிப் பார்த்தேன். மறு கோடியில் அம்போன்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, புல்வெளியைக் கடந்து என் முன்னால் வந்து நின்றார்.

"துணி என்னோடதுதான் பெரியவரே. சனிக்கிழமை இதைப் போத்திக்கிட்டு உங்க கதவைத் தட்டணுமா வேணாமான்னு வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரும் வழியெல்லாம் அஃப்ரகோமா வேன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

ஆகவே நீ உடனே அம்போன்சா வீட்டுக்குப் போ. ஒரு தலைவன் இன்னொரு தலைவனிடம் நேரடியாகப் பேசுவது நம்மிடம் கிடையாது. என் சொல் உன் வாய் வழியாகத்தான் போக வேண்டும். நேற்று நீ இல்லை. ஆகவே நான் பேசவில்லை. பேசியது கிண்ணம். அதற்கு நம் குடும்பத்தில் எந்தப் பதவியும் கிடையாது. ஆனால் இறந்துபோன நம் பெரிய மாமாவாக அம்போன்சா நடித்தது பெருங்குற்றம். அதற்கு ஓர் ஆடும் ஒரு புட்டி ஜின்னும் கேள். அவரும் ஆள் வைத்துப் பேசவில்லையே, அப்படியானால் அவரும் பேசவில்லைதானே என்று யாராவது குறுக்கே கேட்டால், பல் வலிக்கிறது என்று எழுந்து வந்துவிடு.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். முன்னோர்கள் உன்னையும் உன் மிச்சமுள்ள பற்களையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு குற்றமும் செய்யாத
கோஃபி இன்டிம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அஃப்ரகோமா வந்து இதை எடுத்துப் படித்துவிட்டாள். "அப்ப நீங்க பேசவே இல்லையா மாமா?" என்றாள். இல்லை என்றேன். "கடைசியா சொன்னதையும் பேசலையா?" என்றாள். அதை நான் மேலே எழுதவில்லை. அந்தக் குரல் முடிவில், "பொண்ணைக் குடுப்பியா மாட்டியா?" என்று கேட்டது. "குடுத்தாச்சு மாமா. அந்தப் பையன் தங்கம், நம்ம புள்ளைக்கு அவன்தான். உடனே தலையாட்டினா நமக்கு மதிப்பில்ல, ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டு அப்புறம் சரின்னு சொல்லுவேன்" என்றேன். அம்போன்சா அதை யெபோவாவிடம் சொல்ல, அவன் இவளிடம் சொல்லியிருக்கிறான். "திட்டினதை மட்டும் கழிச்சிட்டு இதை மட்டும் வச்சுக்க முடியாது மாமா. பேசினா எல்லாம் பேசினதுதான், இல்லன்னா எதுவுமே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை என் மடியில் வைத்துவிட்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருப்பேன்.

ஆகவே தம்பி, மேலே உள்ளதை விட்டுவிடு. நான் பேசினேன். வயிறு, நடை, சத்தம் எல்லாம் நான் பேசியதுதான். ஆடு வேண்டாம், ஜின் வேண்டாம். அம்போன்சா முன்னால் நின்று உன் வாயால் சொல்: கோஃபி இன்டிம் பேசினார், மன்னிப்புக் கேட்கிறார், பெண்ணைக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை அவர்கள் ஒரு தடவை தட்டினாலே கதவு திறக்கும். விடிந்ததிலிருந்து நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பேன் என்பதை மட்டும் சொல்லித் தொலைக்காதே.