ஊமை ஸ்லைடு

திருப்பித் திட்டாத பொருளைத் திட்டுவது கையாலாகாதவன் வேலை. அந்த வேலையை ஒரு லேப்டாப்பிடம் நான் மனதாரச் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன் (பல் டாக்டர் கூடாது என்கிறார்).

அப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். ஸ்டெல்லா என்ற ஆபரேட்டருக்கு மெமோ வந்திருந்தது. பிள்ளைப்பாக்கத்துப் பெண், ஒப்பந்தத் தொழிலாளி. அவள் பிரஸ் மெஷினில் அடிக்கும் தகடுகள் கோணலாக வருகின்றன, கவனக்குறைவு, ஆளை நிறுத்திவிடலாம் என்றது மெயின்டனன்ஸ். பிரஸ்ஸோ, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் கத்திக்கொண்டிருந்தது. கோளாறு அதில்தான், அவளிடம் இல்லை என்றேன் நான்.

"சத்தம் வருதுன்னு வாயால சொன்னா ஆச்சா? ப்ரூஃப் குடுங்க சார்," என்றார் மெயின்டனன்ஸ் மேனேஜர்.

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் ஆலையில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு மட்டும் பாஸ் வாங்கி, கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிய போனோடு போய்ச் சத்தத்தைப் பதிவு செய்தேன். ஸ்ரீபெரும்புதூர் வீட்டில் உட்கார்ந்து என் லேப்டாப்பில் ஸ்லைடு செய்து, ஒலியைச் சேர்த்தேன். குட்டி ஸ்பீக்கர் படம் ஒன்று வந்தது. அதைத் தாம்பாளம் அளவுக்குப் பெரிதாக்கி, மஞ்சள் பூசி, ஸ்லைடை மட்டும் ஆபீசுக்கு மெயிலில் அனுப்பினேன்.

மறுநாள், வெளிச்சத்தம் புகாத ஏசி அறையில் கூட்டம். நடுவில் பிளான்ட் ஹெட். கதவோரம் ஸ்டெல்லா, கையில் மெமோவோடு. நான் தாம்பாளத்தை அழுத்தினேன். ஒன்றுமில்லை. குத்தினேன். ஒன்றுமில்லை.

"மெஷின் அமைதியாத்தானே இருக்கு சார்," என்றார் மெயின்டனன்ஸ்.

ஸ்லைடுக்குள் நான் வைத்திருந்தது ஒலியை அல்ல, ஒலி இருக்கும் இடத்தின் விலாசத்தை. ஒலி என் வீட்டு லேப்டாப்பில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, பத்திரிகையோடு மண்டபத்துக்குப் போன கதை. அந்த லேப்டாப்பைத்தான், அதன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினேன்.

"போன்ல இருக்கு சார், இதோ," என்று கேட்டுக்கு ஓடினேன். நல்ல வெயில்.

"போனுக்கு பாஸ் கீதா சார்?" என்றார் செக்யூரிட்டி.

"பாஸ்ல கையெழுத்துப் போட வேண்டியவரே உள்ள எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காருய்யா."

"அப்ப வசதியாப் போச்சு. வாங்கிக்கினு வந்துருங்க."

அவரை அடிக்காமல் திரும்பியதை இன்றும் என் பண்பாட்டுக்குச் சான்றாக நினைக்கிறேன். வேர்வை சொட்ட, கையெழுத்துக்காகப் பாஸை நீட்டினேன். பிளான்ட் ஹெட் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த மெஷின் எங்க இருக்கு?"

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சார்."

"ஓடுதா?"

"ஓடுது சார்."

"அப்ப நீங்க எதுக்குங்க ஓடினீங்க?"

ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். கல் போட்ட டப்பா உள்ளே வந்தது. பிளான்ட் ஹெட் காதைப் பொத்திக்கொண்டு மெயின்டனன்ஸைப் பார்த்தார். அவர் தன் ஷூவைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் மெமோ ரத்து, மெஷினுக்குப் புது பேரிங்.

"கோச்சிக்காதீங்க சார்," என்றாள் ஸ்டெல்லா. "அப்பவே கதவத் தொறக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க இடிச்சிக்கினு ஓடிட்டீங்க."

வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. மிக்ஸி கரகரக்கிறது என்றால், "ஸ்லைடு போடுங்கப்பா," என்கிறாள் மகள். "வேணாம்டி, தெருமுனை வரைக்கும் ஓடுவாரு," என்கிறாள் மனைவி. நான் கத்துகிறேன். மகள் அதைப் பதிவு செய்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புகிறாள். அது மட்டும் எல்லார் போனிலும் தெளிவாகக் கேட்கிறதாம்.