கல்மண்டபத்தில் நான் கண்டுபிடித்த பூகம்பம்

புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டவனைப் பெண் பார்க்க அனுப்பக் கூடாது. ஒரு மாதமாவது வீட்டில் வைத்து ஆறவிட வேண்டும்.

என்னைச் சூட்டோடு அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம்தான் எங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சுரங்கங்களால் வரும் நில அதிர்வு பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். (படித்தவர்கள்: நானும் பிழை திருத்துபவரும்.) கருவிகளில் பதியும் முதல் அசைவே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். நிலத்தடியில் வெடி வைத்தால் எல்லாத் திசையிலும் நிலம் வெளியே தள்ளப்படும். சுரங்கக் கூரை சரிந்தால் எல்லாத் திசையிலும் உள்ளே இழுக்கப்படும். சில பக்கம் தள்ளி, சில பக்கம் இழுத்தால் பூகம்பம்.

ஸ்டெல்லாவின் வீடு ராயபுரம் கல்மண்டபம் பகுதியில். எனக்கு அவளைப் பிடித்துப்போய், நானே அம்மாவை நச்சரித்து ஏற்பாடான சந்திப்பு. அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவர் சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.

கேசரி வந்தது. கூடவே 'தொம்' என்று ஓர் அதிர்வும் வந்தது.

"லாரியா இருக்கும் தம்பி, சாப்புடு" என்றார் ஸ்டெல்லாவின் அப்பா.

"அப்படிச் சட்டென்று சொல்லிவிட முடியாது அங்கிள்" என்றேன். (என் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.)

ஒரே இடத்தில் பார்த்தால் போதாது, சுற்றிலும் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். ஸ்டெல்லா, அவளுடைய அப்பா, அம்மா, தாய்மாமன் நால்வரையும் கூடத்தின் நான்கு மூலைகளில், கையில் தண்ணீர் டம்ளருடன் உட்கார வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கச் சொன்னேன். மறுபடி 'தொம்'.

"செவுத்துப் பக்கம் சாஞ்சுது" என்றார் அப்பா.

"இன்னா மச்சான் பேசுற? நடுவாலதான் சாஞ்சுது!" என்றார் மாமா.

"என் பொடவ மேலதான் சாஞ்சுது" என்றார் ஸ்டெல்லாவின் அம்மா.

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பயம் என்று நினைத்தேன்.

மச்சானும் மைத்துனருமான அந்த இருவரும் அப்பாவின் கல்யாண நாளிலிருந்து எதிலும் ஒத்துப்போனதில்லை என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவர்ப் பக்கம் சாய்ந்தால் தள்ளல், நடுப் பக்கம் சாய்ந்தால் இழுப்பு; ஆக, பாதி தள்ளல், பாதி இழுப்பு.

"பூகம்பம்! எல்லாரும் வெளியே!"

ஆளுக்கொரு கையாக அவள் அப்பாவையும் மாமாவையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். அவள் அம்மா கேசரித் தட்டுடன் பின்னால் வந்தார். வாசலை ஒட்டி, மீன் வண்டிக்காக லாரியிலிருந்து ஐஸ் பார்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் தரையில் விழும்போது 'தொம்'. இறக்குகிறவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னா நைனா, வூட்ல யார்னா பூட்டாங்களா?"

அப்பா என் பிடியிலிருந்து கையை உருவினார். "இந்தப் புள்ள வேணாம்."

அப்போதுதான் ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். "பூகம்பம்னு நெனச்சும் உன்னயும் மாமாவையும் இட்டுகினு ஓடியாந்தாருப்பா. நானா இருந்தா உங்க ரெண்டு பேரையும் உள்ள வுட்டுத் தாப்பா போட்டிருப்பேன்."

தெருவே சிரித்தது. கடைசியில் அவள் அப்பாவும் சிரித்துவிட்டார்.

இன்றும் என் மாமனாரும் அந்தத் தாய்மாமனும் வாக்குவாதத்தை ஆரம்பித்தால், மாமியார் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"மாப்ளே, வெளிய போலாமா?"