மலைக்கு நான் செய்த ஹவுஸ்கீப்பிங்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளைக் குப்பையில் போடுவதாக இருந்தாலும் நான் மட்டும் இன்னொருவரிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். என் கணவருக்கு இந்தச் சட்டம் கிடையாது. இரண்டாவது படிக்கும் என் மகளுக்கும் கிடையாது. அவள் கிழிந்த சாக்ஸைத் தன் இஷ்டத்துக்குத் தூக்கி எறியலாம். நான் காலி மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தால் போதும், உள்ளே இருந்து யாராவது ஒருவர் "போட்டோ எடுத்தாச்சா?" என்று குரல் கொடுப்பார்கள். இந்த மரியாதையை நானே உழைத்துச் சம்பாதித்தேன், அதுவும் கல்யாணத்துக்கு முன்னாலேயே.

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன். (இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இந்தக் கதை தெரிந்தும் என்னை வைத்திருக்கிறார்கள்.) எங்கள் ஷாப் ஃப்ளோரில் 'ஃபைவ் எஸ்' என்று ஒரு வழக்கம் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், வேண்டாததை எடுத்துப் போடு, வேண்டியதை அதன் இடத்தில் வை, துடை, இதையே தினமும் செய். எதைச் சுத்தம் செய்தாலும் 'முன்' என்று ஒரு போட்டோ, 'பின்' என்று ஒரு போட்டோ எடுத்து மாட்ட வேண்டும். எனக்கு இது வேலையாக இல்லை, வியாதியாக இருந்தது. சர்ச்சில் பூசை நடக்கும்போதே பூச்செண்டுகளை உயர வரிசைப்படி மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருப்பேன்.

கம்பெனியில் மலையேறும் குழு ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் புனேவுக்கு மாற்றலாகிப் போனதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் பயணத்துக்குச் சூளகிரி தாண்டி இருக்கும் ஒரு மலையைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய மலை இல்லை. அடியில் உண்ணிச்செடிப் புதர், மேலே மொட்டைப் பாறை, உச்சியில் ஒரு சின்னக் கோயில். காலையில் ஏறி மதியச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடலாம்.

அப்போது எனக்கும் ஆல்பர்ட்டுக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. ஜனவரியில் கல்யாணம். ஆல்பர்ட்டின் அப்பா, என் வருங்கால மாமா, லேத் பட்டறையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்கண்டப்பள்ளியில் தினமும் காலையில் நாலு தெரு சுற்றி நடப்பவர். மலைக்குப் போகிறோம் என்று கேள்விப்பட்டதும் "நானும் வரேம்மா" என்று கிளம்பிவிட்டார். ஆல்பர்ட்டுக்கு அன்று ஷிஃப்ட். அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், எப்படிக் கூட்டிக்கொண்டு போகிறாயோ அப்படியே கொண்டுவந்து விட வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். பயம் வந்தால் சிலர் ஜெபம் பண்ணுவார்கள், நான் சர்க்குலர் அனுப்புவேன்.

முதல் சர்க்குலர் காலணி பற்றியது. எல்லோரும் கம்பெனி சேஃப்டி ஷூ போட வேண்டும், முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்தது. கூடவே ஹெல்மெட், இருட்டில் மின்னும் பச்சை ஜாக்கெட். மாமா அடி தேய்ந்த பழைய கேன்வாஸ் ஷூவோடு வந்தார். அது நிராகரிக்கப்பட்டது. ஸ்டோரிலிருந்து ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தேன். அரை சைஸ் சின்னதாக இருந்தும், மருமகளாக வரப்போகிறவள் மனசு நோகக்கூடாது என்று வாய் திறக்காமல் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது சர்க்குலர் பிளாஸ்டிக் பற்றியது. உறை போட்ட எதுவும் மேலே வரக்கூடாது. வேன் பக்கத்தில் நின்று ஒவ்வொருவர் பையையும் சோதனை போட்டு பிஸ்கட், சிப்ஸ், மிட்டாய் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்தேன். மாமா சட்டைப் பையில் அத்தை கொடுத்தனுப்பிய குளுக்கோஸ் பிஸ்கட் இருந்தது. அதையும் வாங்கி வைத்தேன். மேலே சாப்பிட்டால் சோறு சிந்தும் என்பதால் எலுமிச்சை சாதமும் வேனிலேயே இருந்தது. ஆளுக்கு ஒரு வாழைப்பழம், தோலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இத்தனை முட்டாள்தனத்தையும் ஒரே காலையில் செய்து முடிக்கத் தனித் திறமை வேண்டும்.

ஹெல்மெட்டும் ஜாக்கெட்டுமாக நாங்கள் ஒன்பது பேர் இறங்கியதைப் பார்த்து மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். "சர்வேவா? எங்க நெலத்தையும் எடுக்கறீங்களா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் புதிது புதிதாகத் தொழிற்பேட்டை வருவதால் ஹெல்மெட்டைக் கண்டாலே ஊருக்குக் கலக்கம். சும்மா ஏறி இறங்க வந்தோம் என்றேன். அவர் நம்பவில்லை.

ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அந்தக் குப்பை என் கண்ணில் பட்டது. புதரில் ஒரு வெள்ளைத் துண்டு, யூரியா சாக்கைக் கிழித்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்கு மேலே, பாறை இடுக்கில் முளைத்த முள்ளுச்செடியில் இன்னொன்று. அத்தனை அழகான மலையில் இப்படியா என்று எனக்கு ரத்தம் கொதித்தது. கையோடு கொண்டுவந்திருந்த கோணிப்பையை விரித்தேன். என் பிரிவிலேயே வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பெண் திவ்யாவை 'முன்' போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே ஏறினேன்.

மெயின்டனன்ஸில் இருக்கும் மஞ்சுநாத் மட்டும் ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தார். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ் என்று பேசுகிற மனிதர். "மேடம், இது காத்துல வந்த மாதிரி இல்ல. யாரோ கட்டியிருக்காங்க" என்றார்.

"யார் கட்டினாலும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான்" என்றேன். அவர் என் முகத்தையும் என் கையில் இருந்த கோணிப்பையையும் பார்த்துவிட்டு நடந்தார்.

உச்சிக்குப் போனபோது வெயில் பளிச்சென்று இருந்தது. கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. ஒன்பது பேரும் அந்தக் கோணிப்பையோடு நின்று 'பின்' போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தப் போட்டோவில் என் முகத்தில் தெரியும் பெருமிதத்தை இன்று பார்த்தால் எனக்கே அறைய வேண்டும் போல இருக்கும்.

வாழைப்பழத் தோலை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது மேகம் இறங்கியது. கார்த்திகை மாசத்தில் அந்தப் பக்கம் அப்படித்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (யாரையும் நான் கேட்கவில்லை.) பத்தடி தள்ளி நின்ற மஞ்சுநாத் வெறும் பச்சை ஜாக்கெட்டாகத் தெரிந்தார், பிறகு அதுவும் இல்லை. தூறலும் சேர்ந்துகொண்டது. இறங்கலாம் என்று பத்து நிமிஷம் நடந்தோம். காலுக்கு முன்னால் பாறை வெட்டிவிட்ட மாதிரி முடிந்துவிட்டது. திரும்பி வேறு பக்கம் போனோம், அங்கேயும் அப்படியே. மத்தியானம் முழுக்க இப்படியே போனது. மொட்டைப் பாறையில் தடம் என்று ஒன்று விழாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஈரத்தில் சேஃப்டி ஷூ எண்ணெய் தடவின மாதிரி வழுக்கியது. தொழிற்சாலைத் தரைக்குச் செய்த ஷூ, அதன் மேல் தப்பில்லை.

எப்படியோ ஒரு இடத்தில் சிக்னல் கிடைத்தது. கீழே இருந்த டிரைவரைக் கூப்பிட்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்றார். பாறை மேல் என்றேன். எந்தப் பாறை என்றார். பக்கத்தில் நின்ற மாட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு டிரைவர் சந்தோஷமாகத் திரும்ப லைனில் வந்தார்.

"பயப்படாதீங்க மேடம். வழி நெடுக வெள்ளைச் சாக்கு கிழிச்சுக் கட்டி வெச்சிக்கிறாங்களாம். அதைப் பார்த்துக்கினே இறங்கினா நேரா ஊருக்கு வந்துடுமாம்."

லைன் கட்டாகிவிட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டிருந்தது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் கையில் இருந்த கோணிப்பையைத்தான் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மாமா உட்கார்ந்தார். ஓய்வுக்காக உட்கார்கிற மாதிரி இல்லை, முழங்கால் மடிந்து உட்கார்ந்தார். அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை. கையைப் பிடித்தேன், நடுங்கியது. "ஒண்ணும் இல்லம்மா, கொஞ்சம் தலை சுத்துது" என்றார். காலையில் மாத்திரை போட்டிருக்கிறார், ஒரு வாழைப்பழம் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. அவருடைய பிஸ்கட் மலைக்குக் கீழே, வேனில், என் கையெழுத்துப் போட்ட அட்டைப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. எப்படிக் கூட்டிக்கொண்டு போகிறாயோ அப்படியே என்ற அத்தையின் குரல் காதுக்குள் கேட்டது. கல்யாணம் நின்றுவிடுமோ என்றெல்லாம் தோன்றவில்லை. இந்த மனிதரை நான் கொன்றுவிடப் போகிறேன் என்றுதான் தோன்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மஞ்சுநாத் தன் ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே தலைப்பட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவில் விரலை விட்டு, கண்ணாடித் தாளில் சுற்றிய கடலை மிட்டாய் நாலு துண்டை எடுத்தார்.

"மேடம், இதை ஆடிட்ல எழுதிடாதீங்க."

வாழ்க்கையில் ஒரு விதிமீறலுக்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அந்த ஒரு முறைதான். மாமா நாலையும் மென்று தின்று தண்ணீர் குடித்தார். பதினைந்து நிமிஷம் நான் அவர் கையை விடவில்லை. நடுக்கம் மெல்ல நின்றது. பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "மிட்டாய் நல்லா இருந்துச்சும்மா, வீட்ல சொல்லிடாதே" என்றார்.

ஆனால் இறங்கவேண்டுமே. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. திவ்யா போனை நோண்டிக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் என்ன போன் என்று நான் எரிந்து விழப்போக, அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, கழட்டுறதுக்கு முந்தி எல்லாத்தையும் போட்டோ எடுக்கச் சொன்னீங்கல்லா? ஒண்ணு விடாம இருக்குக்கா."

இருந்தது. கடைசிப் போட்டோவில் வெள்ளைத் துண்டு, அதன் பக்கத்தில் காளான் மாதிரி ஒரு பாறை. அந்தக் காளானைத் தேடிக் கண்டுபிடித்தோம். அடுத்ததில் இரட்டைக் கிளை முள்ளுச்செடி. ஒரு சிக்கல் இருந்தது. படமெல்லாம் ஏறும்போது கீழே இருந்து மேலே பார்த்து எடுத்தவை. அதனால் நாலடி இறங்குவது, திரும்பி மேலே பார்ப்பது, போனைப் பார்ப்பது, இல்லை என்றால் மறுபடி ஏறுவது. ஹெல்மெட் போட்ட ஒன்பது பேர் மேகத்துக்குள் நின்று ஒரு செடியைச் சுட்டிக்காட்டி இதுவா அதுவா என்று வாக்குவாதம் செய்தோம்.

கிடைத்த ஒவ்வொரு இடத்திலும் துண்டைத் திரும்பக் கட்டினோம். நான் போட்ட முடிச்சு ஒன்றும் நிற்கவில்லை. மாமா என்னிடமிருந்து வாங்கித் தானே கட்ட ஆரம்பித்தார். இரும்புத் தொப்பிக்குள் விரல் நசுங்கி ஷூவையும் கழற்றிவிட்டிருந்தார். வெறுங்காலோடு அவர் முன்னால் போக, அவருடைய ஷூவைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நான் பின்னால் போனேன். திவ்யாவின் போனில் சார்ஜ் சிவப்புக்கு வந்தது. வேறு யாராவது படத்தைத் தங்கள் போனுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. அத்தனை பேரும் படித்தவர்கள். அந்தத் திரை அணைந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

அணைந்தது. ஆனால் அதற்குள் மேகத்துக்குக் கீழே வந்திருந்தோம். நாய் குரைப்பு கேட்டது, உண்ணிச்செடிக்கு நடுவே மாட்டுத் தடம் தெரிந்தது. மிச்சமிருந்த துண்டுகளை நினைவு வைத்துக் கட்டி முடித்தபோது மாட்டுக்காரர் டார்ச்சோடு மேலே வந்துகொண்டிருந்தார். கடைசித் துண்டை இழுத்துப் பார்த்து, "பழசு அவுந்து தொங்கினு இருந்துச்சு. இறுக்கிக் கட்டிட்டீங்களே, நல்லா இருங்க" என்றார்.

நான் அடக்கமாகக் கும்பிட்டேன். மஞ்சுநாத் வாயைத் திறப்பது தெரிந்தது. ஓங்கி அவர் காலை மிதித்தேன். இரும்புத் தொப்பி ஷூ. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. முழுக் கதையையும் தெலுங்கில் சொல்லி முடித்துவிட்டார். மாட்டுக்காரர் டார்ச்சை என் முகத்தில் அடித்து நிதானமாகப் பார்த்தார். பிறகு, இதற்கு நிலத்தை எடுக்க வந்தவர்களே பரவாயில்லை என்றார்.

மறு வருஷத்திலிருந்து மழைக்கு முன்னால் எங்கள் குழு அங்கே போய் நைந்த துண்டுகளை மாற்றிக் கட்டுகிறது. சாக்கு அல்ல, துணி. அவரவர் காலுக்குப் பழகிய ஷூவில்தான் வருகிறார்கள். யாருடைய பையையும் நான் திறப்பதில்லை.

ஜனவரியில் கல்யாணம் நடந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து மண்டபம் வரை ஒவ்வொரு கம்பத்திலும் வெள்ளைச் சாக்குத் துண்டு கட்டியிருந்தது, மணப்பெண் வழி தவறக்கூடாதாம். மஞ்சுநாத்தின் வேலை. மாமா கால் கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்துப் போய், கோட்டு சூட்டுக்குக் கீழே ரப்பர் செருப்போடு போட்டோவில் நிற்கிறார். ஷூ கதையும் துண்டு கதையும் அத்தைக்குத் தெரியும், வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் சொல்வார். மாமாவுக்கு மயக்கம் வந்தது மட்டும் அவருக்குத் தெரியாது.

நான் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்த அன்று கேட்டிலும் நிலையிலும் சமையலறைக் கதவிலும் மாமா துண்டு கட்டி வைத்திருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் நான் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டே உள்ளே போனேன். கடைசித் துண்டு மேல்தட்டில், யாரும் தொடாத ஒரு பழைய டப்பாவின் காதில் இருந்தது. திறந்து பார்த்தேன். கடலை மிட்டாய், அவசரத்துக்கு நாலே நாலு துண்டு. மூடி வைத்துவிட்டேன்.

அந்தத் துண்டு இன்றைக்கும் அங்கே இருக்கிறது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒட்டடை அடிக்கும்போது அத்தை அண்ணாந்து பார்த்து, அந்தக் குப்பையைக் கழட்டிப் போடேன்மா என்பார். நாற்காலியில் பேப்பர் படிக்கும் மாமாவின் தலை அசையாது, பேப்பர் மட்டும் கொஞ்சம் உயரும்.

"யாரோ கட்டியிருக்காங்க அத்தை," என்பேன் நான். "இருக்கட்டும்."